கொட்டகையோரத்து உருளைக்கிழங்கு

அன்பு மகள் ஸிஹாமுக்கு,

உன் உம்மா எழுதுவது. ஸலாம். அல்லாஹ்வின் அருளால் நான் சுகம், கோழிகள் சுகம், மாதுளை பூத்திருக்கிறது, உன் வாப்பாவும் சுகம் என்று அவரே தஸ்தூர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் வேளைக்கு ஏதாவது சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கு ஊசி போட்ட நேரம் போக மிச்ச நேரத்திலாவது தூங்கிக்கொண்டு, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையில் தொலைபேசி இருக்க எதற்கு இந்த உம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அஞ்சலகத்தில் ஆயுசு பூராவும் முத்திரை குத்தியவள் நான், தபால்தலை ஒட்டாத சேதி எனக்குச் சேதியாகவே படுவதில்லை. அது ஒன்று. இன்னொன்று, நீ கூப்பிட்டால் போனை எடுப்பது யார், பேசுவது யார், வைப்பது யார் என்பது உனக்கே தெரியும். பெற்றவள் பின்னால் நின்று "நானும் நல்லாருக்கேன்னு சொல்லுங்க" என்று கத்துவதோடு என் பங்கு முடிந்துவிடுகிறது. ஆகையால் உருளைக்கிழங்கு விஷயத்தை முழுசாக இதில் எழுதுகிறேன், உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்கிற சமாச்சாரம் இல்லை.

நான் பிப்ரவரியில் வீட்டுக்குப் பின்னால் கிழங்கு ஊன்றியது உனக்குத் தெரியும். எருப் போட்டு, முளைவிட்ட கிழங்காகப் பார்த்துப் பொறுக்கி, கொட்டகைச் சுவரிலிருந்து எதிர்ப்பக்க மதில் வரைக்கும் வரிசை பிடித்து ஊன்றினேன். செடி எழும்பி வந்த அழகைப் பார்த்து என் கண்ணே பட்டிருக்கும். ஏப்ரல் பிறந்ததோ இல்லையோ, கொட்டகையை ஒட்டிய முதல் வரிசையில் இலை ஓரமெல்லாம் தீயில் காட்டின மாதிரி பழுப்பாகி உள்ளே சுருண்டது. நான் தண்ணீர் விட்டேன். பிறகு தண்ணீர் அதிகமோ என்று நிறுத்தினேன். ஒரு வாரத்தில் இரண்டாவது வரிசையும் ஆரம்பித்தது. அவ்வளவுதான், ஊரில் இருக்கிற மருத்துவர்கள் எல்லோரும் என் கொல்லைக்கு வந்துவிட்டார்கள்.

முதல் மருத்துவர் உன் வாப்பாதான். இருபத்தைந்து வருடம் துனிஸுக்கு வாடகை வேன் ஓட்டியவருக்கு உருளைக்கிழங்கைப் பற்றித் தெரியாதது உண்டா? ஒரு நாள் நிலவு தேய்கிற நேரத்தில் ஊன்றியது குற்றம் என்றார். மறுநாள் விதைக் கிழங்கு ஹாலந்துக்காரன் கிழங்கு, அது நம் வெயிலைத் தாங்காது, வாங்கினவளுக்குப் புத்தி இல்லை என்றார். வாங்கினவள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அதற்கடுத்த நாள் ஈரக்காற்று. "ஜலீலா, இது காத்துல வர்ற வியாதி, நாம ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுடு" என்று அவ்வளவு கனிவாகச் சொன்னார், எனக்கே ஒரு நிமிடம் கண் கலங்கியது. அந்தக் கனிவைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். நாற்பது வருடமாக இல்லாத கனிவு திடீரென்று எங்கிருந்து வரும்?

பிறகு உரக்கடை நூரி. அவரிடம் வாடிய இலையைக் கொண்டு போனாலும், வாடிய முகத்தைக் கொண்டு போனாலும் ஒரே மருந்துதான், மயில்துத்தம். இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "கருகல் நோய்ங்க, சந்தேகமே வேணாம்" என்று பொட்டலத்தை நீட்டிவிட்டார். அதை அடிக்கும் பொறுப்பை உன் வாப்பா ஏற்றுக்கொண்டார். தலையில் தொப்பி, வாயில் துணி, முதுகில் டப்பா, போருக்குப் போகிறவர் மாதிரி புறப்பட்டு அரைமணி நேரம் தெளித்தார். பழுப்பாக இருந்த செடி நீலமாகவும் பழுப்பாகவும் ஆயிற்று. கோழிகள் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்து பக்கத்து வீட்டு ஸல்ஹா. கண்ணேறுதான், வேறென்ன, என்று சொல்லிவிட்டு உலர்ந்த மீன் வால் ஒன்றைக் கொண்டுவந்து குச்சியில் கட்டி வரிசை நடுவில் நட்டுவிட்டுப் போனாள். அதைப் பூனை அன்று மாலையே தின்றுவிட்டது. கண்ணேறு பூனைக்குப் போயிருக்கும் என்று பார்த்தால் அது முன்னைவிடக் கொழுத்திருக்கிறது.

நீ மட்டும் குறைச்சலா என்ன? படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். ஏதோ சத்துக் குறைவு என்றும், எப்சம் உப்பைக் கரைத்து வேரில் ஊற்று என்றும் கட்டளை போட்டாய். மருந்துக்கடையில் போய்க் கேட்டால் அந்தப் பையன் கூட்டத்துக்கு நடுவே "பேதி உப்பா கேக்குறீங்க? யாருக்கும்மா, உங்களுக்கா, மாமாவுக்கா?" என்றான். உருளைக்கிழங்குக்கு என்று சொன்னேன். கடையே சிரித்தது. என் மானத்தை விற்று வாங்கிய அந்த உப்பை நான் செடிக்குப் போடவில்லை, ஏன் போடவில்லை என்பது பின்னால் வரும். போட்டிருந்தால் நீயும் கூட்டுக் குற்றவாளி.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு நோயாளி இருந்தாரே, அவர் கதை உனக்குத் தெரிந்ததுதான். போன வருடம் ஆலிவ் பறிக்கும் சமயத்தில் அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, நாக்குக் குழறி, நாம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று விமானச்சீட்டும் கையுமாக நின்றாய். வாய் நேராகிவிட்டது, அல்லாஹ் கருணை காட்டினான். உப்பைத் தொடக்கூடாது என்று மருத்துவர் அம்மாள் சொல்லிவிட்டார். அன்று முதல் இந்த வீட்டில் உப்பு டப்பாவையே நான் மேல் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன். உப்பில்லாத் தபூனா ரொட்டி, உப்பில்லாக் கூஸ்கூஸ், ஹரிஸாகூட நானே மிளகாயை இடித்து உப்பில்லாமல் செய்தேன். அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று சமைக்க மனம் வரவில்லை, அவர் பார்த்து ஏங்கக்கூடாதே என்று நானும் அதையே தின்றேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், நான் அந்தக் குப்பையைக் குளிர்காலம் பூராவும் மூன்று வேளை தின்றவள். இவ்வளவுக்கும் நீ அனுப்பிய கருவியை அவர் கையில் சுற்றினால் ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. மருத்துவர் அம்மாள் மாத்திரையைக் கூட்டினார், அப்புறம் மாற்றினார், அப்புறமும் இறங்கவில்லை. நீ தொலைவிலிருந்தே நாடி பிடித்து "வாப்பாவுக்கு மனக்கவலை" என்று தீர்ப்புச் சொன்னாய். நானும் நம்பினேன். ராத்திரி அவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன் ஸிஹாம், அதை உன்னிடம் போனில் சொன்னதில்லை.

சரி, உருளைக்கிழங்குக்கு வருகிறேன். மூன்றாவது வரிசையும் கருக ஆரம்பித்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு காலையில் பலகையைப் போட்டுச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கருகல் நோய் என்றால் இலையில் ஈரமான கரும்புள்ளி விழும், அடிப்பக்கம் பனிவேளையில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், அதற்கென்று ஒரு அழுகல் நாற்றம் உண்டு. இங்கே இலை ஓரம் மட்டும் காய்ந்திருந்தது, நாற்றமும் இல்லை பூஞ்சையும் இல்லை. அசுவினி இருந்தால் இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். எறும்பு ஒன்றையும் காணோம். தண்டை அறுத்துப் பார்த்தேன், உள்ளே பழுப்பு வளையம் எதுவும் இல்லை, பச்சையாகத்தான் இருந்தது. நோயாக இருந்தால் அங்கொன்று இங்கொன்றாகத் தாவாதோ, இது என்ன, கொட்டகைப் பக்கம் கடுமையாகவும் தள்ளிப் போகப்போக லேசாகவும், மதில் பக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கிறது? காற்றில் வருகிற வியாதிக்குக் கொட்டகை மேல் மட்டும் என்ன காதல்? குனிந்து மண்ணைப் பார்த்தேன். மேலே மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கொஞ்சம் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தேன். ஆறு மாதமாக உப்பைப் பார்க்காத நாக்கு மகளே, அது பொய் சொல்லாது. உப்பு.

உப்பு பூத்த மண்ணில் இன்னொரு உப்பா என்று உன் பேதி உப்பைப் பிரிக்கவே இல்லை. இந்த உப்பு எங்கிருந்து வரும்? என் புத்தி நேரே ஸல்ஹா வீட்டுக்குப் போயிற்று. அவளுடைய மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் கொட்டகையின் பின்பக்கம்தான் இறங்குகிறது. அவள் விற்பதற்கு ஊறுகாய் போடுகிறவள், காய் கழுவிய உப்புத் தண்ணீரை அதில் ஊற்றுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் வீட்டு மதிலருகே நின்று நான் கத்திய கத்தல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும். "மீன் வாலைக் கொண்டாந்து நட்டுட்டு, மேலேருந்து உப்பைக் கொட்டுறியாடி?" என்று கேட்டேன். அவள் மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் இருந்த போர்வையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்டி ஜலீலா, என்னைப் பார்த்தா கேக்குறே? என் வீட்டு உப்புத் தண்ணி என் வீட்டுச் சாக்கடையிலதான் போகுது, வந்து பாரு. உப்பு யாரு கொட்டுறாங்கன்னு உன் வீட்டு ஆம்பளையைக் கேளு. நீ கடைக்குப் போற நேரமெல்லாம் கொட்டகைப் பின்னால வாளியோட வந்து நிக்கிறாரே, அது என்ன, உன் செடிக்கு ஓதின தண்ணியா?" என்றாள். நான் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "குடும்ப விஷயம்னு பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன், அதுக்கு எனக்குக் கிடைச்ச பட்டம் கொலைகாரிப் பட்டம்" என்று அழுதபடியே உள்ளே போய்விட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. உன் வாப்பா தொழுகைக்குப் போனதும் கொட்டகைக்குள் நுழைந்தேன். பழைய வேன் டயர்கள், கோழித்தீவன மூட்டைகள், அதற்குப் பின்னால் சாக்குப் போர்த்தி நீல டிரம் ஒன்று. நம் இரண்டு ஆலிவ் மரத்துக் காயும் ஒன்றுவிடாமல் எண்ணெய்ச் செக்குக்குப் போய்விட்டது என்று சத்தியம் செய்தாரே, அதில் பாதி அங்கே உப்புத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது. காயைக் கீறி, எலுமிச்சை நறுக்கிப் போட்டு, சோம்புத் தண்டு சொருகி, எத்தனை பக்குவமாகப் போட்டிருக்கிறார் தெரியுமா? தனக்கு ஒரு முட்டை வேக வைக்கக்கூடத் தெரியாது என்பார். பக்கத்தில் ஜாடியில் கேரட், டர்னிப், பச்சை மிளகாய், அதுவும் உப்பில். மேலே படலம் கட்டும்போதெல்லாம் பழைய தண்ணீரைப் பின்பக்கம் கொட்டிவிட்டுப் புது உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றியிருக்கிறார், அந்தத் தரை என் பாத்தியைப் பார்த்துத்தானே சரிந்திருக்கிறது? ஓர் ஆலிவ் எடுத்து வாயில் போட்டேன். நன்றாக இருந்தது ஸிஹாம். சனியன் பிடித்த ருசி. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் கத்தவில்லை. அன்று காலைக் கத்தல் போதும். மதியம் உப்பில்லாத உருளைக்கிழங்குக் குழம்பைச் சுடச்சுட வைத்து, நடுவில் ஒரு தட்டு நிறைய அவருடைய ஆலிவை அழகாகக் குவித்து வைத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இது... ஏது?" என்றார். "உங்க காத்துல வர்ற வியாதிதான், கொட்டகையில டிரம் டிரம்மா இருந்துச்சு, அள்ளிட்டு வந்தேன்" என்றேன். சரி, செடியைக் கொல்வது தன் உப்புத் தண்ணீர்தான் என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்று நினைக்கிறாய்? முதல் வரிசை கருகியபோதே தெரியுமாம். தெரிந்துகொண்டேதான் நிலவைப் பழித்தார், ஹாலந்துக்காரனைப் பழித்தார், என்னைப் பழித்தார், தொப்பி போட்டுக்கொண்டு மயில்துத்தம் அடித்தார். நான் சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வண்டிச் சாவியை வாங்கிட்டீங்க. சிகரெட்டு போச்சு. காபி போச்சு. காபிக் கடையில போய் உக்காந்தா எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க, கோணியிருக்கா நேரா இருக்கான்னு. எனக்குன்னு இந்த நாக்கு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு ஜலீலா." இதைச் சொல்லும்போது அவர் குரல் உன் வாப்பா குரலாகவே இல்லை. உனக்கு நினைவிருக்கும், வேனின் முன்பக்கக் கண்ணாடி உடைந்தபோதுகூடச் சிரித்துக்கொண்டே அதை வீடு வரை ஓட்டி வந்த மனிதர்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாதக் குப்பை வயிற்றில் இருக்கிறதே, அது சும்மா விடுமா? "நாக்கு மிச்சம் இருக்கணும்னா வாய் நேரா இருக்கணும், மூச்சு ஓடணும். நீங்க கொட்டகையில நின்னு ருசி பாக்குறீங்க, நான் இங்கே உங்களுக்காக மண்ணைத் தின்னுக்கிட்டிருக்கேன். இன்னிக்கி நிஜமாவே மண்ணைத் தின்னேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன், எனக்கே பிடிக்கவில்லை. அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீயும் உப்பில்லாமதான் தின்னியா? உனக்குத் தனியா எடுத்து வெச்சுப்பேன்னு நினைச்சேன்" என்றார். பார், நாற்பது வருடம் குடித்தனம் செய்து அவர் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது இவ்வளவு. தன்னைப் போலவே எனக்கும் ஒரு டிரம் எங்கேயோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை அவரை இழுத்துக்கொண்டு மருத்துவர் அம்மாளிடம் போனேன். என்னைப் பேசவிடாமல் அவரே சொன்னார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும், டிரம்மின் அளவை மட்டும் பாதியாகக் குறைத்துச் சொன்னார். நான் இருமினேன். முழு அளவைச் சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, "மாமா, அடுத்து உங்களை துனிஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி சிறுநீரகத்தைப் பாக்கச் சொல்லணும்னு சீட்டு எழுதப் போனேன். தெரியுமா?" என்றார். திட்டியது கொஞ்சம்தான், நான் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார், நல்ல தண்ணீரில் நாள்கணக்காக ஊறவைத்து உப்பை இறக்கிய ஆலிவ் இரண்டு, வெள்ளிக்கிழமை மட்டும் தின்னலாம் என்று அனுமதி கொடுத்தார். அதோடு என்னைப் பார்த்து, "எலுமிச்சை, பூண்டு, சீரகம், காஞ்ச புதினா இதெல்லாம் நான் தடை பண்ணலையேம்மா, நீங்க ஏன் எல்லாத்தையும் நிறுத்துனீங்க?" என்றார். உன் வாப்பா அந்த நிமிடம் என் பக்கம் திரும்பிய பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசாமலே ஜெயித்துக்கொண்டு வந்தார்.

டிரம்மை என்ன செய்வது? குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. கை வண்டியில் ஏற்றி ஸல்ஹா வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், மன்னித்துக்கொள் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துத் தின்றாள். மென்று மென்று கொட்டையைத் துப்பிவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். சமாதானம் ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

வாய்க்கால் தண்ணீரில் நம் முறை வந்த அன்று உன் வாப்பாவே மண்வெட்டி எடுத்து வடிகால் வெட்டி, உப்பு கரைந்து போகட்டும் என்று பாத்திக்குத் தண்ணீரை நிறுத்தி நிறுத்தி விட்டார். முதல் மூன்று வரிசை பிழைக்கவில்லை, பிடுங்கியபோது கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்கு கிடந்தது, கோழிகூடச் சீண்டவில்லை. மற்ற வரிசைகள் தேறிவிட்டன, மதில் பக்கம் பூவே வைத்துவிட்டது. செத்த வரிசையில் என்ன போடலாம் என்று கேட்டதற்கு, உப்பைத் தாங்கும், பீட்ரூட் போடலாம் என்று வேளாண் விஞ்ஞானி மாதிரி சொல்லிவிட்டு, நான் பார்த்த பார்வையில் காபிக் கடைக்குப் போய்விட்டார். ஆமாம், போக ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் கருவியைச் சுற்றியபோது அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. நம்பாமல் என் கையிலும் சுற்றிப் பார்த்தேன், எனக்குத்தான் ஏறியிருக்கிறது. பயப்படாதே, கொஞ்சம்தான், காரணமும் தெரிந்ததுதான்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "பிள்ளை பயந்து வேலையை விட்டுட்டு வந்துரும், போன்ல மூச்சு விடக்கூடாது" என்றார். போனில் விடமாட்டேன் என்று குர்ஆன் மேல் கை வைத்தேன். தபாலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஆகவே நீ கூப்பிடும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி இரு, ஆலிவ் என்ற சொல்லை எடுக்காதே, உருளைக்கிழங்கு எப்படி என்று மட்டும் கேள், அவர் என்ன பதில் சொல்கிறார் என்று எனக்குக் கேட்க ஆசை. வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, கோடை விடுமுறைக்கு வந்தால் போதும், புதுக் கிழங்கு எடுத்து வைத்திருப்பேன். உன் சம்பாத்தியத்தில் நல்ல காலணி வாங்கிக்கொள், நாள் முழுக்க நிற்கிற கால். தொழுகையை விடாதே. அங்கே டப்பாவில் விற்கிற சூப்பைக் குடிக்கிறாயாமே, அதில் எவ்வளவு உப்பு என்று மூடியில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுக் குடி. அல்லாஹ் உன் கை தொட்ட நோயாளிகளுக்கெல்லாம் சுகம் கொடுக்கட்டும், அந்தச் சுகத்தில் ஒரு பங்கை உனக்கும் வைக்கட்டும்.

உன் உம்மா,
ஜலீலா

இதை எழுதி முடிக்கும் நேரம் உன் வாப்பா வந்து எட்டிப் பார்த்தார். படிக்கிற கண்ணாடியைக் காபிக் கடையில் மறந்துவிட்டு வந்திருக்கிறார். யாருக்கு, என்ன என்று கேட்டார். ஸிஹாமுக்குத்தான், உருளைக்கிழங்கு பற்றி என்றேன். "என் சலாமையும் எழுது. எழுதினதெல்லாம் சரிதான்னு நானும் ஒரு கையெழுத்துப் போடுறேன், கொடு" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

உன் வாப்பா,
தாஹர்